மாமன் கொண்டுவந்த மலைச்செடி

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த மாமன், அம்மாவின் தம்பி, மலையிறங்கி வரும்போதெல்லாம் எனக்குத்தான் எதையாவது கொண்டுவருவார். கமலா ஆரஞ்சு வரும், ஒரு முறை குருவிக்கூடு வந்தது. அந்தத் தை மாதம் சாக்கில் சுற்றி எடுத்துவந்ததை மட்டும், என்னைத் தாண்டிப் போய் அக்காவின் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

உள்ளே ஒரு செடி. தடித்த நாலைந்து இலைகள், வெளியே தொங்கும் வெள்ளை வேர்கள். மலையில் மரக்கிளையை ஒட்டிக்கொண்டு வளருமாம்.

"மண்ணு ஆவாது சாமி. மரத்துல கட்டி உட்டுப்போடு" என்று அக்காவிடம் சொன்னார். எனக்கு ஒன்றுமில்லையா என்று பக்கத்திலேயே நின்றதால் என் காதிலும் விழுந்தது.

அக்காவை மாமனுக்குக் கட்டும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முதல் மனைவி காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது அவருக்கு. மீசையில் பாதி வெள்ளை. கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு வாக்குக் கேட்டதில், ஒரு முறை வெள்ளை வந்தது, மறுமுறை சிவப்பு வந்தது. குழம்பிப்போன அம்மா அந்தச் செடியையே வாக்காக எடுத்துக்கொண்டாள்.

"இது நம்மூட்டுல பூத்துச்சுன்னா ஆத்தா உத்தரவு குடுத்த மாதிரி. அன்னைக்கே நாள் குறிச்சுப்போடலாம்."

அக்கா செடியை மண்தொட்டியில் வைத்தாள். சாணம் போட்டாள். மூன்று வேளையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். மாமன் மேல் பெண்ணுக்கு எவ்வளவு ஆசை என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். எனக்குத் தலைவாரிவிடக்கூட அக்காவுக்கு நேரமில்லை. மாமனையும் பிடுங்கிக்கொண்டு அக்காவையும் பிடுங்கிக்கொண்ட அந்தச் செடியைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. இலைகள் மஞ்சளாகி வேர் அழுகி நாறியபோது உள்ளுக்குள் குதித்தேன். ஆனால் பங்குனி வந்தும் ஓர் இலை மட்டும் பச்சையாகவே நின்று கண்ணை உறுத்தியது. எல்லோரும் காட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் செடியையே பிடுங்கிச் சுழற்றி எறிந்தேன். கிணற்றடிப் பூவரச மரத்தின் கவட்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது. எனக்கு எட்டவில்லை. விட்டுவிட்டேன்.

பெருச்சாளி இழுத்துப்போயிருக்கும் என்றாள் அம்மா. ஆத்தாளுக்கே சம்மதமில்லை என்று ஆட்டையாம்பட்டிப் பக்கம் வேறு மாப்பிள்ளை விசாரிக்கத் தொடங்கினாள். அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. அந்த வருடம் முழுவதும் என்னை மடியில் சாய்த்துப் பேன் பார்த்தாள், பாட்டுப் பாடினாள். செடி ஒழிந்ததும் அக்கா எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டாள்.

மறுவருடம் வைகாசியில் தண்ணீர் சேந்தப் போன அம்மா கத்திய கத்தலில் எல்லோரும் ஓடினோம். பூவரசங்கவட்டையிலிருந்து கொத்துக் கொத்தாக, வெள்ளையில் ஊதா தோய்ந்த பூக்கள் தொங்கின. மூன்றாம் நாள் மாமன் புது வேட்டியோடு வந்து நின்றார்.

"நாஞ் சொன்ன மாதிரியே மரத்துல ஏத்தியுட்டிருக்குதே புள்ள!"

"வெக்கத்துல நம்மகிட்டக்கூடச் சொல்லுல பாரு" என்று அம்மா அக்காவின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா மண்ணுல வெச்சு அழுகடிச்சா! நாந்தேன் மரத்துல போட்டேன்!"

மாமன் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கித் தோளில் வைத்து, முதல் பூவை என் கையால் பறிக்கச் சொன்னார். பறித்துவிட்டுக் கீழே பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவுமில்லை, திட்டவுமில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

கடைசியில் அவளுக்கும் என்மேல் பொறாமை வந்துவிட்டது என்று நினைத்து, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி அந்தப் பூவைக் காதோரம் செருகிக்கொண்டேன்.