பஞ்சக்கா துடைத்த கோடு

அந்த வானாய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பஞ்சக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருடமாக அங்கே மெக்கானிக். மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு கத்தை பஞ்சு. கதவுக் கைப்பிடியில் யாராவது விரல் பதித்தால், அவர்கள் மாடி ஏறுவதற்குள் துடைத்துவிடுவாள். வீட்டிலும் இதே கூத்துதான். பஸ் ஓட்டுகிற கணவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். "இன்னும் ஒரு வாய் இருக்குடி!" என்று அந்த மனிதர் கத்துவது பக்கத்து வீட்டுக்குப் பழகிப்போன சத்தம்.

அவள் பொறுப்பில் இருந்தது நூற்றிமுப்பது வயதுத் தொலைநோக்கி. பதினோரு மீட்டர் குழாய், நுனியில் இரண்டேகால் அடி அகலத்துக்கு லென்ஸ். அதுவும் ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணாடி. இப்போது வருகிற பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் லென்ஸுக்குப் பதில் வளைந்த ஆடி வைத்தவை, இது வேடிக்கை காட்டத்தான் லாயக்கு என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களை நூறு வருடத்துக்கு மேலாக இதே கண்ணாடி வழியாகத்தான் அளந்து வந்திருக்கிறார்கள். அந்தச் சுற்றைப் பிடித்தால்தான் நட்சத்திரத்தின் எடையைக் கணக்குப் போட முடியும்.

அந்தச் சனிக்கிழமை அப்படி ஒரு ஜோடி மிக நெருங்கி வரவிருந்தது. எண்பத்துநாலு வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. போன முறை எடுத்ததில் பதினோரு நாள் அளவுகளைச் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் மேடம் காத்திருந்தார். இரட்டை நட்சத்திரங்களை அளக்க அங்கே மிச்சமிருந்த ஒரே ஆள் அவர்; அடுத்த வருடம் ஓய்வு. கண்ணாடிகளுக்கு நடுவே மங்கல் படிந்திருக்கிறது, பிரித்துத் துடையுங்கள் என்று சொன்னதும் அவர்தான்.

திங்கட்கிழமை சங்கிலி போட்டு லென்ஸை இறக்கினார்கள். இதுவரை வெளிப்பக்கம் மட்டுமே துடைத்தவள், இரண்டையும் பிரித்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. விடுவாளா? முன்பக்கம் துடைத்தாள், பின்பக்கம் துடைத்தாள், விளிம்பில் கருப்பாக ஏதோ ஈஷியிருந்ததையும் ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாக எடுத்தாள். இரண்டு கண்ணாடியிலும். அதற்கப்புறம்தான் ஆணியில் தொங்கிய பழைய செய்முறைத் தாளின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள்: 'விளிம்பிலுள்ள பென்சில் கோடுகள் நேருக்கு நேர் வரும்படி அடுக்கவும்.'

கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். கோடு அதில்தான் இருந்தது.

ஒன்றுக்கொன்று பார்த்துத் தேய்த்த கண்ணாடிகள் அவை. ஒன்று திரும்பிவிட்டால் நட்சத்திரம் கோணலாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே வைக்கிற மூன்று தகடுத் துண்டுகளின் தடம் மட்டும் விளிம்பில் இருந்தது. ஆக, மூன்று விதமாக அடுக்கலாம், ஒன்றுதான் சரி. பட்டறையில் இருந்த பதிவேடுகளை எல்லாம் புரட்டினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் குத்துமதிப்பாக ஒன்றை வைத்து முடுக்கிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுத் தட்டு கணவனின் முன்னால் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு? தட்டு இன்னும் இங்கயே இருக்கு."

சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"விடு, யாருக்குத் தெரியப்போகுது? நானும்தான் ஒரு தடவை ஸ்டாப்ல நிறுத்தாம போயிட்டேன். உலகம் முழுகிடுச்சா?"

"உங்க பஸ் அரை மணிக்கு ஒண்ணு வருது. இது எண்பத்துநாலு வருஷத்துக்கு ஒண்ணு."

மனிதர் எழுந்தார். தட்டைத் தானே கழுவி வைத்தார்.

புதன்கிழமை லென்ஸ் மேலே ஏறியது. இருட்டத் தொடங்கியதும் மேடம் ஏணியில் ஏறி, ஒரு தனி நட்சத்திரத்தில் சோதித்துப் பார்த்தார். பஞ்சக்கா கீழே ஏணியைப் பிடித்திருந்தாள்.

"நீளமா தெரியுதே. இது ஒத்தை நட்சத்திரம், ஆனா ரெண்டு ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார் மேடம். "குழாய் இன்னும் சூடு ஆறல போல. சரியாயிடும். நீங்க மாட்டினதுல எனக்குச் சந்தேகமே கிடையாது, பஞ்சக்கா."

சும்மா இருந்தாலே போதும். இந்தக் கோணல் சனிக்கிழமை அந்த ஜோடியின் அளவோடு கலந்து பதிவேட்டில் ஏறிவிடும். அது தப்பு என்று எண்பத்துநாலு வருடத்துக்கு எவராலும் காட்ட முடியாது. சந்தேகமே கிடையாது என்கிறவரிடம் எப்படிச் சொல்வது? பழக்க தோஷத்தில் ஏணிக்காலைத் துடைக்கக் குனிந்தவள், பஞ்சைப் பையில் திணித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சூடு இல்ல மேடம். நான்தான்."

எல்லாவற்றையும் கொட்டினாள். மேடம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"திங்கக்கிழமையிலிருந்து."

"அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சம்!" முகம் சிவந்துவிட்டது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். வேலை போயிற்று என்றே நினைத்துப் பின்னால் ஓடினாள். அவரோ பூட்டியே கிடந்த ஆவண அறையைத் திறந்தார். பழைய பட்டறைப் பதிவேடுகள் அங்கே அடுக்கியிருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக, தூசியைத் தட்டாமலே ஒரு புத்தகத்தைப் பிரித்தாள் பஞ்சக்கா. லென்ஸைப் பிரித்த குறிப்பைத் தேடிப் புரட்டியதில், எண்பத்துநாலு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கம்:

'லென்ஸைப் பிரித்தபோது பென்சில் கோட்டை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிட்டேன். சொல்லத் தைரியம் வரவில்லை. பதினோராம் நாளான இன்று சொல்லிவிட்டேன். முன்கண்ணாடியின் பெரிய குமிழி, பின்கண்ணாடியின் கீறலுக்கு நேரே வந்தால் சரியாக இருக்கிறது. புதிதாகக் கோடு போட்டிருக்கிறேன்.'

"பதினோரு நாள்! அந்தச் சிவப்பு மை!" என்றார் மேடம். பஞ்சக்காவுக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்றுதான்: எழுதிய மெக்கானிக்குக்கு வேலை போயிற்றா? பக்கங்களை வேகமாகப் புரட்டினாள். அதே கையெழுத்து இன்னும் பத்தொன்பது வருடம் ஓடியது.

வியாழக்கிழமை லென்ஸை மறுபடி இறக்கினார்கள். குமிழியைக் கீறலுக்கு நேரே வைத்தாள், விளிம்பில் பென்சில் கோடு போட்டாள். பிறகு சுற்றியிருந்த பித்தளை வளையத்தில் ஊசியால் பெரிதாகக் கீறினாள்: 'இது அழுக்கு இல்லை.' வெள்ளிக்கிழமை ஏற்றி மாட்டினார்கள்.

சனிக்கிழமை மேடம் முதலில் அவளைத்தான் பார்க்கச் சொன்னார். உருண்டையாக இரண்டு புள்ளி. நடுவே மயிரிழை இருட்டு. மேடம் அளந்து எழுதி முடித்துவிட்டு, சிவப்பு மையால் அடித்திருந்த அந்தப் பழைய பக்கத்தைப் பிரித்தார்.

"காரணம்னு இப்ப என்ன எழுதட்டும்?"

தனக்கு இரண்டே நாளில் உயிர் போய் உயிர் வந்ததை நினைத்தாள் பஞ்சக்கா. அந்த ஆளுக்குப் பதினொன்று.

"லென்ஸ் திரும்பியிருந்துச்சுன்னு எழுதுங்க மேடம். மெக்கானிக் பாவம், ரொம்பப் பயந்துட்டாருன்னும் எழுதுங்க."

மேடம் அப்படியே எழுதினார்.