பாஸ் படத்தில் இன்னொருவர் கை

பிள்ளைகளே, நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் காமிரா பார்த்து வாங்கியிருக்கிறேன். அந்தக் கதை இது.

அப்போது நான் போர்ட் பிளேர் ஜெட்டி ஸ்டோரில் தற்காலிகக் குமாஸ்தா. இனிமேல் போட்டோ ஒட்டிய பாஸ் இல்லாமல் எந்தக் கூலியாளும் கேட்டுக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு வந்தது. மெயின்லேண்ட் கப்பல் வர ஒரு வாரம்தான் இருந்தது. பாஸ் இல்லாதவனுக்கு அந்தக் கப்பலில் வேலை இல்லை. எட்டாவது படித்தவன் என்று காமிரா வாங்கிப் படம் எடுக்கும் பொறுப்பை ஆபீசர் என் தலையில் கட்டினார். "கராப் ஹுவா தோ தும் ஜானோ" என்றார். படம் கெட்டால் என் வேலையும் போகும் என்று எனக்குப் புரிந்தது.

பஜார் கடைக்காரர் நம் ராமநாதபுரத்துக்காரர். இரண்டு காமிராக்களை எடுத்து வைத்தார். ஒன்று கைக்கடக்கமானது. மற்றது பெட்டி மாதிரி, மேலே குனிந்து பார்த்துப் படம் எடுப்பது.

"அண்ணே, சின்னதுல ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். பெரிசுல பன்னெண்டுதான். இதுல என்ன யோசனை?"

எனக்கும் சின்னதின் மேல்தான் ஆசை. ஆனாலும் படம் கழுவப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று ஸ்டுடியோவுக்குப் போனேன். அவர் வங்காளி.

"படா கர்னே கா மெஷின் நஹி ஹை, பாபு" என்றார். படத்தைப் பெரிதாக்கும் இயந்திரம் அவரிடம் இல்லை. பிலிம் எந்த அளவோ படமும் அதே அளவுதான். சின்னக் காமிராவில் எடுத்தால் தபால் தலை அளவில்தான் முகம் வரும். கேட்டில் நிற்பவன் யாரை அடையாளம் காண்பான்? பெட்டிக் காமிராவின் பிலிம் அகலமானது என்பதால் அதையே வாங்கினேன்.

பிலிம் பற்றாது என்பதால் ஒரு படத்துக்கு இருவர், பிறகு நடுவே வெட்டிக்கொள்ளலாம் என்று திட்டம். ஸ்டோர் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நிறுத்தினேன். நான் குனிந்து முகங்களை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

படங்கள் வந்தன. முகங்கள் பளிச்சென்று இருந்தன. வெட்டிப் பார்த்தபோதுதான் கோளாறு தெரிந்தது. கூலியாட்களுக்குப் போட்டோ என்றால் சினேகிதனோடு தோளில் கைபோட்டு எடுத்துக்கொள்வதுதான். பாதிப் பேருடைய தோளில் உடம்பில்லாத ஒரு கை!

"ஏம்ப்பா, கையைக் கீழே விடக்கூடாதா?" என்றேன் ஒருவரிடம்.

"நீங்க சொல்லலியே பாபு. போட்டோவுக்கு வெறப்பா நிக்க நான் என்ன கைதியா?"

மறுபடி எடுக்க பிலிமும் இல்லை, நாளும் இல்லை. மறுநாள் கப்பல். பாஸ்களை அடுக்கிக்கொண்டு ஆபீசர் முன் நின்றேன்.

"யே ஹாத் கிஸ்கா ஹை?" இந்தக் கை யாருடையது என்று கேட்டார்.

"இன் கே தோஸ்த் கா, சாப்" என்றேன். பக்கத்தில் நின்ற சினேகிதனுடையது என்று.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். படத்தையும் அட்டையையும் சேர்த்து ஆபீஸ் முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. முத்திரையை எடுத்து, சரியாக அந்தக் கையின் மேலேயே ஒன்று குத்தினார். கை மறைந்துவிட்டது.

"சேஹரா சாஃப் ஹை. பஸ். பாக்கி தும் மாரோ" என்றார். முகம் தெளிவாக இருக்கிறது, அது போதும், மீதியை நீயே குத்து என்று முத்திரையை என்னிடம் தள்ளினார்.

அன்று நான் குத்திய குத்தில் மேஜையே ஆடியது. காலையில் கேட்டில் ஒரு ஆளையும் திருப்பி அனுப்பவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு டீ தொண்டையில் இறங்கியது.