கால் வலி இருந்த இடம்

வலி வந்த புதிதில் அதை நான் மதிக்கவே இல்லை. வலது புட்டத்தில் யாரோ விரலால் அழுத்துவது போல ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலில் கொஞ்ச நேரம் தங்கி, குதிகாலுக்குப் போய்ச் சேரும். அரக்கோணத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உத்தியோகத்தை முடித்தவன் நான். அப்படி உட்கார்ந்தே தேய்ந்தவனுக்குக் கால் வலிக்காமல் வேறென்ன வலிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருத்தணி வீட்டில் இப்போது நான் மட்டும்தான். மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் புனேயில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

சமாதானம் ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. உட்கார்ந்தால் வலி, எழுந்தால் அதைவிட வலி. தும்மல் வந்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை சுரீரென்று இழுக்கும். அதனால் தும்மல் வருகிறது என்று தெரிந்தாலே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். வலது கால் நகங்களை வெட்டக் குனிய முடியவில்லை. இடது காலில் ஒழுங்காக வெட்டிய நகமும், வலது காலில் கோழிக்கு வளர்ந்தது போல நகமுமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு திரிந்தேன். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற ஆள் வீட்டில் இருந்திருந்தால் வெட்டியும் விட்டிருப்பாள்.

இந்த வலியில் எனக்கு முதலில் வந்த கோபம், இது வெளியே தெரிவதில்லை என்பதுதான். கையில் மாவுக்கட்டு இருந்தால் ரயிலில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நான் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால், காற்று வாங்குகிறேன் என்று நினைத்தார்கள். டீக்கடையில் சொன்னால் ஆளுக்கொரு வியாதியாகப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் வாயு என்றார், ஒருவர் சர்க்கரை என்றார். இன்னொருவர் தனக்கு இதைவிடப் பெரிய வலி என்று ஆரம்பித்து, என் டீ ஆறும் வரை விடவில்லை.

தினமும் குளித்ததும் கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்ப்பேன். தொடையிலிருந்து குதிகால் வரை, தோல் சிவக்கும் வரை. வீடு முழுக்கக் கற்பூர நெடி அடித்தது. வலி அசையவில்லை. நடக்க முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த நாட்களில்தான் பிடித்தது. விழுந்தால் தூக்க ஆளில்லை. மகளிடம் சொன்னால் மறுநாளே வந்து என்னைப் பெட்டி படுக்கையோடு கிளப்பிக்கொண்டு போய்விடுவாள். அவர்கள் வீட்டில் எனக்கென்று இருப்பது கூடத்தில் ஒரு சோபா. அதனால் போனில் அவள் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றே சொன்னேன். அவளும் நம்பினாள். நம்பியது எனக்கு வசதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. அந்த வீட்டு அம்மாள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒருநாள் தறியை நிறுத்திவிட்டே வந்தார்.

"இப்டியே எத்தினி நாளு இழுத்துகினு திரிவீங்கண்ணா? மலைக்கு வந்து ஒரு கால் வாங்கிப் போட்றேன்னு வேண்டிக்கினு பாருங்க. எங்க நைனாவுக்கு முட்டி வலி அப்டிதான் வுட்டுச்சி."

"ஆங், போடலாம். பஸ்ல போயிட்டு வந்துடறேன்" என்றேன்.

"பஸ்ல போனா அது வேண்டுதல்ல சேராதுண்ணா. படி ஏறணும்."

எனக்குப் பக்தி உண்டு. ஆனால் முருகனைத் தொந்தரவு செய்கிற பக்தி இல்லை. இருந்தாலும் வலி வந்தவனுக்கு யார் சொன்னாலும் வேதம்தான். கிருத்திகையன்று காலையிலேயே போய், அடிவாரக் கடையில் வெள்ளித் தகட்டில் செய்த கால் ஒன்று கேட்டேன். கடைக்காரர் ஒரு தட்டு நிறையக் கொட்டிக் காட்டினார். கண், கை, கால், வீடு, தொட்டில் எல்லாம் கலந்து கிடந்தன. எது வலது கால், எது இடது கால் என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலு காலுதான் சார். எந்தக் காலுன்னு முருகனுக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

கூட்டத்தோடு படி ஏறினேன். காவடிகளும், மொட்டை போட்ட குழந்தைகளும், ஆந்திராவிலிருந்து வந்த குடும்பங்களுமாக எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். குடும்பம் குடும்பமாக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறினேன். மேலே உண்டியலில் அந்தக் காலைப் போட்டபோது மனசு லேசானது உண்மை. இறங்கும்போது நடுவழியில் வலது கால் மரத்துப்போனது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் அரக்கோணத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது காலை மடக்காமல் மெல்ல மேலே தூக்கினார். பாதி தூக்குவதற்குள் கத்திவிட்டேன்.

"கால்ல ஒண்ணும் இல்லீங்க. உங்க பிரச்சனை முதுகுல" என்றார்.

"முதுகு வலிக்கவே இல்லீங்களே."

"முதுகுல நரம்பு நசுங்குது. வலி கால்ல தெரியுது. சயாட்டிகான்னு சொல்லுவோம். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இத்தனை வாரம் தைலம் குடித்த கால் நிரபராதி. முருகனுக்கும் நான் தப்பான உறுப்பைக் கொடுத்துவிட்டேன். திருவள்ளூர் போகிறவன் ரேணிகுண்டாவுக்கு டிக்கெட் எடுத்த கதைதான். அப்படி வந்து நிற்கிற பயணிகளை ஜன்னலுக்குள்ளிருந்து எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன். வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. அந்தக் கடையில் முதுகு விற்கிறார்களா என்று விசாரிப்பதாகச் சொன்னார்.

ஸ்கேன் எடுக்கத் திருவள்ளூர் போனேன். அங்கே இருந்த பெண் வாட்ச், மோதிரம், இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள்.

"கூட வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க."

"கூட யாரும் வரலம்மா."

 அவள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டாள். வெளியே பெஞ்சில் மற்ற நோயாளிகளின் ஆட்கள் மடியில் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த இயந்திரம் போட்ட சத்தத்துக்குள் அசையாமல் படுத்திருந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. இப்போது நான் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்புத்தான் வந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

படத்தைப் பார்த்த டாக்டர், முதுகெலும்புக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை என்றார். மாத்திரையும், முதுகில் தடவ ஒரு களிம்பும் எழுதினார். காலுக்குத் தைலம் தேய்க்க என் கையே போதுமாக இருந்தது. முதுகுக்கு அது போதவில்லை. கையைப் பின்னால் வளைத்தால் காலில் சுரீரென்று இழுத்தது. கதவில் களிம்பைத் தடவி அதில் சாய்ந்து தேய்த்துக்கூடப் பார்த்தேன். கதவுக்கு நல்ல குணம் தெரிந்தது.

அடுத்த முறை போனபோது இதைச் சொன்னேன், டாக்டர் சிரிக்கவில்லை. திருத்தணியிலேயே பிசியோதெரபி செய்கிற ஒருவரிடம் அனுப்பினார். நெசவுக் குடும்பத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கனத்த கைகள். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார்.

 ஒரு மனிதக் கை என் மேல் இப்படிப் பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. முடி வெட்டுகிறவர் தலையைத் தொடுவார். கடையில் சில்லறை கொடுக்கும்போது விரல் படும். அவ்வளவுதான். அந்தக் கையின் சூடு முதுகில் பரவியபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

"வலிக்குதுங்களா?" என்றார்.

"ஆங்" என்றேன். வேறென்ன சொல்வது.

வாரத்தில் மூன்று நாள் போனேன். அந்த நாட்களில் காலையிலேயே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவேன். அவர் முதுகை நீவிவிட்டுக்கொண்டே தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும், பவர்லூம் வந்த பிறகு தூங்க முடியாத தெருவைப் பற்றியும் பேசுவார். பிறகு சில பயிற்சிகள் சொல்லிக்கொடுப்பார். குப்புறப் படுத்து முழங்கையில் நிமிர்வது, முழங்காலை மடக்கி மார்புக்கு இழுப்பது. மெதுவாக வலி பின்வாங்கியது. முதலில் குதிகாலை விட்டது, பிறகு கெண்டைக்காலை, பிறகு தொடையை. ஒருநாள் காலையில் வலது கால் நகங்களை நானே குனிந்து வெட்டினேன். வெட்டி முடித்த நகங்களைக் காகிதத்தில் மடித்துவிட்டு, சந்தோஷப்படாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குப் போனபோது அவர் என் காலை நீட்டியபடியே மேலே தூக்கிப் பார்த்தார். கால் தடையில்லாமல் போனது. அவருக்கு மகிழ்ச்சி.

"நல்லா ஆயிட்டீங்க சார். இனிமே நீங்க அலைஞ்சிகினு வர வேணாம். அந்தப் பயிற்சிங்கள வூட்லயே பண்ணிகினு இருந்தா போதும்."

நான் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. இதற்காகத்தான் இத்தனை மாதம் மலைக்கும் டாக்டருக்கும் அலைந்தேன். நடக்கிறேன், தும்முகிறேன், புனேக்குப் போக வேண்டியதில்லை. இந்த வீட்டில் இப்படியே தனியாக இருக்கலாம்.

"இன்னும் கொஞ்சம் வலி இருக்குதுங்க" என்றேன்.

 அவர் மறுத்துச் சொல்லாமல் என்னைக் குப்புறத் திரும்பச் சொல்லி, முதுகில் ஏதோ ஓர் இடத்தில் கையை வைத்தார்.

"இங்கயாங்க?"

"ஆங்" என்றேன். "அங்கதான்."