ருசி பார்க்காத பியர்

என் மனைவிக்குப் பியர் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தை எங்கள் சொந்தக்காரர் யாருக்கும் தெரியாமல் காலம் முழுக்கக் காப்பாற்றினோம். இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்பதால் எழுதுகிறேன்.

எல்லாப் பியரும் பிடிக்காது. ஒன்றே ஒன்றுதான். லண்டனுக்கு வந்த புதிதில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பப்பில் கிளாஸ் கழுவுவது. சொந்தக்காரர் கேட்டால் 'ரெஸ்டோரண்டில் வேலை' என்று சொல்லிக்கொண்டோம். அந்தப் பப்பை நடத்திய வெள்ளைக்கார அம்மா, வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டும் நேரம் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு அரைப் பைன்ட் பிட்டர் ஊற்றிக் கொடுப்பார். பிட்டர் என்பது இங்கிலாந்துக்காரரின் பழைய பியர். நன்றாகக் கசக்கும், நுரை குறைவு, பல் கூசுகிற குளிர் இருக்காது. முதல் வெள்ளி வீட்டுக்கு வந்து, "வேப்பம்பூ வடகத்தைக் கரைச்சுக் குடிச்ச மாதிரிக் கிடந்தது" என்று முகத்தைச் சுளித்தாள். அடுத்த வெள்ளி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவன், மதுவும் தொடாதவன். சனி ஞாயிறுகளில் கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற ஆள். "கோயிலில சமைக்கிறவன்ர பெண்சாதி குடிகாரி" என்று அவளைச் சீண்டுவேன். "நீங்கள் சர்க்கரைப் பொங்கல் ஆள், உங்களுக்கு இது விளங்காது" என்பாள்.

பிறகு அந்தப் பிட்டரைக் காய்ச்சிய ஆலையை யாரோ வாங்கி மூடிவிட்டார்கள். பப்பும் ஃபிளாட்டுகளாகிவிட்டது. கடைசி நாளில் அந்த அம்மா இவள் கையில் கொடுத்துவிட்ட அரைப் பைன்ட் கிளாஸ் மட்டும் எங்கள் குட்மேய்ஸ் வீட்டுக் குசினியில், கரண்டி போட்டு வைக்கிற கிளாஸாக மிஞ்சியது.

போன குளிர்காலத்தில் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். இனி மருந்து கொடுத்து வதைக்க வேண்டாம், எண்ணிக்கொள்ளக்கூடிய மாதங்கள்தான் என்று டொக்டர் சொன்னார். சொல்லிவிட்டு எனக்கு ஒரு டிஷ்யூ நீட்டினார். எனக்கு வந்தது கோபம். அந்த டிஷ்யூவைக் கசக்கி அவருடைய மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்துபோகிற நர்ஸ்தான் நல்ல வார்த்தை சொன்னாள். விரும்பியதைச் சாப்பிடட்டும், விரும்பியதைக் குடிக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாய் எது என்றாலும் பரவாயில்லை என்றாள்.

"என்ன வேணும், சொல்லும்" என்று கேட்டேன். எங்கள் ஊர் ஒடியற்கூழ் என்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பிட்டரில ஒரு அரைக் கிளாஸ்" என்றாள்.

இல்ஃபோர்ட் கடைகளில் இருந்த பிட்டரையெல்லாம் வாங்கி வந்து அடுக்கினேன். போத்தல்கள் சத்தம் போடாமலிருக்க இடையில் துவாய் வைத்துப் பையில் கொண்டுவருவேன், ஏனென்றால் என் அக்கா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துத் தலையை ஆட்டினாள். ஒன்று தேசிக்காய் மணக்கிறதாம். இன்னொன்று சவர்க்காரத் தண்ணியாம். எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் இருக்கிறது எதுவும் அது இல்லையென்றால் நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். ஆயிரம் பேருக்குப் புளிச்சாதம் கிளறினவனுக்கு ஒரு வாளி பியர் பெரிய விஷயமா?

மூடிப்போன ஆலைகளின் பியர்களைத் தேடிப்பிடித்து, வீட்டில் காய்ச்சுகிற மாதிரிச் செய்முறை எழுதி இணையத்தில் போடுகிற வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அவளுடைய பிட்டரும் இருந்தது. முளைக்கவைத்து உலர்த்திய பார்லி, அதைத்தான் மோல்ட் என்கிறார்கள். அது தபாலில் வந்தது. கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூவும் அதே பெட்டியில் வந்தது. மற்றவைதான் சிக்கல். ஆலைக்காரர் தட்டையாக்கிய சோளம் போடுவார்களாம். நான் மகள் காலையில் சாப்பிடுகிற கோர்ன்ஃபிளேக்ஸைப் போட்டேன். அவர்கள் பெரிய பீப்பாய்களில் வாங்கிய ஒரு கரும்புப் பாகு இப்போது சில்லறைக்குக் கிடைக்காது. நான் தமிழ்க் கடையில் பனங்கட்டி வாங்கித் தேசிக்காய்ப் புளி விட்டுக் காய்ச்சினேன். அந்த ஆலையின் ஈஸ்ட் ஆலையோடு செத்துவிட்டது. பாக்கெட்டில் வருகிற ஈஸ்ட்தான் கதி.

"என்ன நிறம் வரவேணும்?" என்று குசினியிலிருந்து கத்துவேன்.

"சாயம் குறைஞ்ச பிளேன்டீ" என்று சோபாவில் படுத்தபடி சொல்லுவாள்.

மோல்ட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடித்து, கோயிலிலிருந்து கேட்டு வாங்கிய அண்டாவில் கொதிக்கவிட்டு, ஹொப்ஸ் பூவைப் போட்டேன். வீடு முழுக்கக் கசந்த ஆவி. "இஞ்சருங்கோ, பப்பின்ர பின்கதவைத் திறந்தா இப்பிடித்தான் மணக்கும்" என்று கூப்பிட்டுச் சொன்னாள். அன்று அவள் எழும்பி வந்து குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் அவள் நின்றது அதுதான் கடைசி.

செய்முறையில் இரண்டு விஷயங்களை நான் கேட்கவில்லை. புளிக்கவைக்கப் புது வாளி வாங்கு என்றிருந்தது. என்னிடம் இல்லாத வாளியா? கோயிலுக்குத் தோசைமா அரைத்து வைக்கிற பெரிய வெள்ளை வாளி மூடியோடு நின்றது. கொதிதண்ணீர் ஊற்றி, தேய்த்துத் தேய்த்துக் கழுவி, லண்டனில் வெயில் என்று சொல்லப்படுகிற ஒன்றில் காயவைத்தேன். இரண்டாவது, ஒவ்வொரு கட்டத்திலும் ருசி பார் என்றிருந்தது. அதைத் தாண்டி வாசித்துக்கொண்டு போனேன். சாமிக்குச் சமைக்கிறவன் ருசி பார்ப்பதில்லை. படைத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். மணத்தில் உப்புச் சொல்லுவேன், கொதிக்கிற சத்தத்தில் பதம் சொல்லுவேன். இத்தனை வருஷத்தில் உப்புக் கூடியது என்றோ குறைந்தது என்றோ ஒருவரும் முகம் சுளித்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அதோடு, அது அவளுக்கென்று செய்தது. அவளுக்கு முன் நான் எச்சில் படுத்துவதா?

வாளியை மாடிப்படிக்குக் கீழே, சூடான பைப் ஓடுகிற மூலையில் வைத்தேன். மூடி மெல்ல மெல்ல மூச்சுவிட்டது. அந்தக் கிழமையில் அக்கா அவளைப் பார்க்க வந்தவர், சப்பாத்தைக் கழற்றும்போதே மூக்கை உயர்த்தினார்.

"தோசைக்குப் போட்டிருக்கோ?"

"ஓம் அக்கா" என்றேன். தப்பினோம் என்று சோபாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவள் போர்வையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

போத்தல்களில் அடைத்து, பிறகும் சில கிழமை பொறுத்திருந்தேன். அதற்குள் அவள் பாதியாகிவிட்டாள். முதல் போத்தலைத் திறந்த அன்று மகள் வேலைக்கு லீவு போட்டு வீட்டில் நின்றாள். கரண்டிகளை மேசையில் கொட்டிவிட்டு அந்தக் கிளாஸைக் கழுவித் துடைத்தேன். நிறம் சொல்லிவைத்த மாதிரி சாயம் குறைந்த பிளேன்டீ. அவள் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "சம்பல் இருக்கோ?" என்று கேட்டாள்.

குடிகாரர் எல்லோரும் தொட்டுக்கொள்ள ஏதாவது கேட்பார்கள்தானே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஓடிப்போய்த் தேங்காய்ச் சம்பல் எடுத்துவந்தேன். மகளும் தாயின் கிளாஸில் ஒரு வாய் குடித்தாள். அவள் வேலைத்தோழிகளோடு குடிக்கிறவள்தான், அது எனக்குத் தெரியும். தாயைப் பார்த்தாள். தாய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நைஸ் அப்பா. ரியலி நைஸ்" என்றாள் மகள்.

"அதுதானோ? சரியாச் சொல்லும்" என்று மனைவியைக் குடைந்தேன். "ஒரு சொட்டுப் பிழையெண்டாலும் சொல்லும், இன்னொருக்காச் செய்யிறன். என்ன, ஒரு மாசம், நாலு கிழமை எடுக்கும்."

"வேண்டாம்" என்றாள். "அதுதான். அதேதான்."

அதற்குப் பிறகு பின்னேரங்களில் அவளுக்கு அது வேண்டும். அரைக் கிளாஸ் கால் கிளாஸாகி, பிறகு சங்கு அளவாகி, பிறகு நர்ஸ் கொடுத்த பஞ்சுக்குச்சியை நனைத்து உதட்டில் வைப்பதாகிவிட்டது. ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் போத்தலைத் திறக்கிற சத்தத்துக்கு முகத்தைத் திருப்புவாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாகக்கூட இருந்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனால் இருந்தேன். சாகப்போகிற மனைவிக்கு அவள் கேட்டதைக் கொடுக்க முடிந்தவன் நான் என்று மார்பு விம்மிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு காலையில், தேத்தண்ணியோடு நான் போனபோது, அவள் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு எட்டாம் நாள் எட்டுச்செலவு. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன் வாழையிலையில் படைக்கிறது. லண்டனில் எட்டு நாளில் உடலே கைக்கு வராது, இறந்தவர்களுக்கும் இங்கே கியூதான். தகனம் முடிந்த பிறகுதான் செய்தோம். அக்கா நண்டுக் குழம்பு வைத்தார், அதற்கு எங்கள் வீட்டில் வேறு சட்டி. புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், எள்ளுருண்டை, சம்பல். எல்லாம் வைத்த பிறகு நான் மாடிப்படிக்குக் கீழே போய் ஒரு போத்தல் எடுத்துவந்து, அந்தக் கிளாஸில் ஊற்றி இலையின் பக்கத்தில் வைத்தேன்.



"தம்பி, என்னடா இது?" என்றார் அக்கா.

"பியர்."

"ஆம்பிளையளுக்குச் சாராயம் வைக்கிறது. பொம்பிளைக்கு ஆரும் இதை வைப்பினமோ? சனம் என்ன சொல்லும்?"

"அவளுக்குப் பிடிக்கும் அக்கா. வெள்ளிக்கிழமையில குடிக்கிறவள். நான்தான் காய்ச்சினனான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார், கிளாஸை எடுக்காமல் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே நின்றோம்.

படைத்ததைப் பிறகு வீட்டார் பகிர்ந்து சாப்பிட வேண்டும். நண்டு போனது, எள்ளுருண்டை போனது. கிளாஸை ஒருவரும் தொடவில்லை. படையலைச் சிங்கில் ஊற்ற முடியாது. ஆட்கள் போன பிறகு நான் அதை எடுத்துக்கொண்டு குசினியில் உட்கார்ந்தேன். அவள் குடித்தாயிற்று, இனி நான் வாயில் வைக்கலாம். பிறந்து இத்தனை காலத்துக்குப் பிறகு என் முதல் பியர், முதல் வாய்.

பியர் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இது எனக்குத் தெரிந்த ருசி. மூன்றாம் நாள் தோசைமா. நாக்கின் ஓரத்தை இழுக்கிற அதே புளிப்பு, அடியில் அதே மணம். நான் எத்தனை கொதிதண்ணீர் ஊற்றியும் அந்த வாளியின் கீறல்களுக்குள் புளிப்பு உயிரோடு இருந்திருக்கிறது. கசப்பு எங்கோ தூரத்தில், எட்டாத இடத்தில் கிடந்தது.

மகள் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அப்பா."

"அம்மாவுக்கு நாக்குச் செத்துப்போச்சோ? ருசி தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது அப்பா. அண்டைக்கு நீங்கள் சம்பல் எடுக்கப் போகேக்க, 'தோசையைக் காணேல்லை' எண்டு சொல்லிச் சிரிச்சவ."

"ஏன் சொல்லேல்லை? ஒரு வார்த்தை!" நான் கத்தினேன். செத்தவளிடம் கத்தினேன், மகள்தான் எதிரில் நின்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாளியை மாத்தி, இன்னொருக்காச் செய்திருப்பன். நாலே நாலு கிழமை!"

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மாட்ட நாலு கிழமை இருக்கேல்லை அப்பா" என்றாள். "அவவுக்கு அது தெரியும்."

எனக்கு அழுகை வந்தது, மூக்கு ஒழுக ஒழுக, குழந்தைப்பிள்ளை மாதிரி. மகள் கிளாஸை மெல்ல எடுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

"சம்பல் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டேன்.

அவள் எடுத்துவந்து வைத்தாள். நான் தொட்டுத் தொட்டு, அந்தக் கிளாஸை முழுக்கக் குடித்தேன்.