யோகம் அக்காவின் தாராக்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, எங்கள் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். என் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. அப்படியான வரிசையில் நின்றுகொண்டு தொலைபேசியை எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. அது விடாமல் அடித்தது; முன்னால் நின்ற சிப்பாய் என் பையையே பார்த்தான். திரும்ப பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எடுத்தேன். வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் ஃபாரூக் நானா பேசினார். "யோகம் அக்கா போயிட்டாங்க தம்பி. களுபோவில ஆஸ்பத்திரியில. இப்பதான் கோல் வந்திச்சி," என்றார். பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

யோகாம்பிகை என்ற முழுப் பெயரால் அவரை அழைத்தவர்கள் குறைவு. கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் அவர் சுருக்கெழுத்தாளர். நான் அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. கணவரை இழந்தபின் ஒரே மகன் கஜனோடு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருந்தார். அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் அந்த நிமிர்ந்த நடையும் மடிப்புக் கலையாத சேலையும் நினைவிருக்கும். மாரிமழை தொடங்கி வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கிவிட்டால், அதே மனுஷி ஞாயிறு காலைகளில் முழங்கால்வரை சேற்றில் நிற்பார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது.

ஃபாரூக் நானாவுக்குப் பறவைப் பைத்தியம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நுளம்புக்கடியும் சேறும் எனக்கு ஆகாது. விடிய எழும்புவது அதைவிட ஆகாது. அக்கா கொண்டுவரும் இஞ்சித் தேத்தண்ணிக்காகவும், சுற்றுமுற்றும் பார்க்காமல் தமிழில் கதைக்கக் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவும்தான் போனேன். அத்திடியப் பக்கம் உள்ள ஏரி எங்கள் இடம். அக்காவின் கணவர் விட்டுப்போன தொலைநோக்கியை முறைவைத்துப் பார்ப்போம். என் முறை வரும்போது பறவை பறந்துவிடும். "நீர் மூச்சு விடுற சத்தத்துக்கே அதுகள் ஓடுதுகள்," என்பார் அக்கா.

அந்தத் தொலைநோக்கிதான் வினையாக வந்தது. ஏரிக்கு மேலால் விமானங்கள் தாழப் பறந்து இறங்கும். யுத்தம் கொழும்புக்குள்ளும் வந்துவிட்ட பிறகு, விமானம் இறங்கும் இடத்தில் தொலைநோக்கியோடு நிற்கும் தமிழரை யார் சும்மா விடுவார்கள்? கடலில் எறிந்துவிடுங்கள் என்றேன் நான். கடையில் துணிக்கட்டுகளுக்குள் ஒளித்து வைக்கிறேன் என்றார் ஃபாரூக் நானா. அக்கா இரண்டையும் கேட்கவில்லை. அரைநாள் லீவு போட்டு, நல்ல சேலை உடுத்து, தொலைநோக்கியைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு தானாகவே பொலிசுக்குப் போனார். என்னிடம் இது இருக்கிறது, பறவை பார்க்க வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். "நாங்களாப் போய்ச் சொன்னாச் சந்தேகம் வராது," என்றார். உத்தியோகமும் ஓய்வூதியமுமாக அரசாங்கத்தை நம்பிப் பழகிய எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்? அங்கே மரியாதையாகத்தான் கதைத்தார்களாம். பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள்.

தை மாதத்தில் நகரில் குண்டு வெடித்தது. அன்று பின்னேரமே வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. மற்ற வீடுகளைத் தட்டித் தட்டி வந்தவர்கள் அக்காவின் வீட்டுக்கு நேரே வந்தார்கள். விலாசம்தான் கையில் இருந்ததே. தொலைநோக்கியையும் கஜனையும் கொண்டுபோனார்கள். அவன் அப்போது கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. வேலை முடிந்து அக்கா தினமும் பொலிஸ் வாசலில் போய் நின்றார். நானும் ஃபாரூக் நானாவும் மாறி மாறிக் கூட நின்றோம். அவருடைய சேலை மடிப்புக் குலைந்திருந்ததை அந்த வாசலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கடைசியில், நாங்கள் மூவரும் நின்ற ஒரு நாள், ஓர் இன்ஸ்பெக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு, "பறவை பார்த்ததாகச் சொல்கிறீர்களே நோனா, அப்படி என்ன பறவை?" என்று சிங்களத்தில் கேட்டார். குளிருக்குத் தப்பி வடக்கேயிருந்து வரும் தாராக்கள், காட்டு வாத்துகள் என்றார் அக்கா. "அப்படியென்றால் வந்து காட்டுங்கள்." மறுநாள் காலை எங்கள் மூவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனார்.

ஏரியில் தாராக்களுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் சீழ்க்கை அடிக்கும் உள்ளூர்த் தாராக்கள். கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு போட்ட, வெளிநாட்டுச் சின்னத் தாரா ஒன்றையும் காணவில்லை. அக்காவின் தொலைநோக்கியாலேயே நெடுநேரம் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் கேட்டார். "இவைதானே வெளிநாட்டிலிருந்து வந்தவை?"

எனக்கு மூச்சு வந்தது. மனுஷன் கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துத் தருகிறார், தலையை ஆட்டினால் போதும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். ஃபாரூக் நானா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை மாத்தயா," என்றார் அக்கா. "இவை இங்கேயே பிறந்து இங்கேயே இருப்பவை. நான் சொன்ன தாரா வேறு. இன்றைக்கு அவை இல்லை."

இன்ஸ்பெக்டர் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு ஜீப்பில் ஏறினார்.

எங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பஸ் தரிப்பிடத்தில் வைத்து நான் அக்காவோடு சண்டை பிடித்தேன்.

"ஒரு ஓம் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? தாராவோ வந்து வழக்குப் போடப் போகுது?"

"அது அந்தத் தாரா இல்லையே."

"பிள்ளை உள்ளுக்கக் கிடக்கிறான், அக்கா."

"தெரியும். நான்தானே பெத்தனான்."

சில கிழமைகள் கழித்துக் கஜனை விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்று சொல்லாதவர்கள் ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு கையை மேலே தூக்க முடியாதவனாக வந்தான். அடுத்த மாரிக்கு முன்னரே அக்கா அவனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார். 'இல்லை' என்ற அந்த ஒரு சொல்தான் அவனை மேலும் சில கிழமைகள் உள்ளே வைத்தது என்றே நான் நம்பினேன். அக்காவின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அவர்மேல் கோபமாகவும் இருந்தேன்.

தொலைநோக்கி திரும்பி வரவில்லை. அக்கா ஏரியை விடவும் இல்லை. தூரத்தை விட்டுவிட்டுக் காலடியைப் பார்க்கத் தொடங்கினார். புல் நுனியில் குந்தும் தும்பிகள், ஊசித்தும்பிகள், இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள். "கிட்டப் பாக்கிறதுக்கு ஒருத்தரும் மறியல்ல வைக்க மாட்டினம்," என்பார். ஒருமுறை காவலரண் சிப்பாய் ஒருவன் விசாரிக்க வந்து, அக்கா காட்டிய சிவப்புத் தும்பியைத் துவக்கோடு குந்தியிருந்து பார்த்தான். ஃபாரூக் நானா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் தலைக்கு மேலால் தாராக்கள் சீழ்க்கை அடித்துக்கொண்டு போனால் அக்கா நிமிர்ந்து பார்க்கமாட்டார். புல்லையே பார்த்துக்கொண்டு நிற்பார். எங்களுக்கு அது பெரிய சங்கடமாக இருக்கும்.

மரணச் சடங்குக்குக் கஜனால் வர முடியவில்லை. அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் நான் இருக்கும்போது அழைத்தான். அதற்குமுன் ஃபாரூக் நானாவோடும் கதைத்திருக்கிறான்.

"அங்கிள், அம்மாவை ஏரிக்குக் கொண்டு போனது உண்மையோ? அம்மா எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை."

"ஓம். இன்ஸ்பெக்டர் தாராவைக் காட்டி வெளிநாட்டுத் தாராவோ எண்டு கேட்டவர். கொம்மா இல்லை எண்டு போட்டா."

அப்போதுதான் அவன் தன் கதையைச் சொன்னான்.

"என்னையும் முதல் அங்க கொண்டு போனவை அங்கிள். கையைக் கட்டி. அதே தாராவைக் காட்டி அதே கேள்விதான். இல்லை, இது இங்கத்தைத் தாரா எண்டு சொன்னனான். உன்ர அம்மாவும் இதையே சொல்லுறாவோ பாப்பம் எண்டு அந்த இன்ஸ்பெக்டர் சொன்னவர். பிறகு நான் அடிக்குப் பயப்படேல்லை. அம்மா என்னைக் காப்பாத்த வேண்டி ஓம் எண்டு சொல்லிப் போடுவாவோ எண்டுதான் பயந்து கொண்டிருந்தனான்."

நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் தலைமாட்டில் போய் நின்றேன். தன்னை ஏரிக்குக் கொண்டுபோனதை அவன் அக்காவுக்குச் சொல்லவில்லை. தன்னைக் கொண்டுபோனதை அக்கா அவனுக்குச் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் நோகவிடக்கூடாது என்று இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். தான் சொன்னது பிள்ளையின் சொல்லோடு பொருந்தி அவனைக் காப்பாற்றியிருக்கலாம் என்று தெரியாமலே அக்கா போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

என் கோபமும் முழுதாகத் தீரவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் வேறோர் ஆளாக இருந்திருந்தால் அதே 'இல்லை' அந்தப் பிள்ளையின் உயிரை எடுத்திருக்கும். அக்காவுக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தபடியால்தான் அவர் மேலே பார்க்காமல் நடந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

அக்காவின் தேத்தண்ணிப் போத்தலை ஃபாரூக் நானா கேட்டு வாங்கிக்கொண்டார். நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த 'இல்லை' ஒன்றைத்தான். அது எனக்கு இன்னும் பாரமாகத்தான் இருக்கிறது. போன ஞாயிறு நாங்கள் இருவரும் ஏரிக்குப் போனோம். தும்பிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் தலைக்கு மேலால் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. பழக்கத்தில் குனிந்த தலையை நிமிர்த்தி, அவை அக்கரைக்குப் போய் இறங்கும்வரை அக்காவுக்காகப் பார்த்தேன்.