கந்தக ஊரின் வெள்ளித் தட்டுகள்

கடந்த மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிசிலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில் என் அறைக்கு மேல்மாடியில் இருக்கும் ரீற்றா அக்கா கேட்டதால்தான் போனேன். அக்கா மன்னார்க்காரர்; அதே நகரின் சீசா பகுதியில், எண்பது கடந்த ஒரு இத்தாலியப் பாட்டியை, சிஞ்ஞோரா என்றே அழைத்து, பார்த்துக்கொள்கிறார்.

"தம்பி, சிஞ்ஞோராவுக்கு ஒருக்காத் தன்ர ஊரைப் பாக்கவேணுமாம். நீங்கள் கார் ஓடுவீங்கள்தானே?"

வாடகைக் கார் நாற்பத்தைந்து யூரோ. பலெர்மோவிலிருந்து மலைப்பாதையில் ஒன்றேகால் மணி நேரம். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அங்குள்ள வழிகாட்டிக்கு இலவச விளம்பரம்.

அது கந்தகம் வெட்டிய ஊர். சுரங்கம் மூடிப் பல காலமாகிறது. வெடிமருந்துக்கும் தீக்குச்சிக்கும் இங்கிருந்துதான் கந்தகம் கப்பலேறியது. அதை நம்பி உருக்கும் சூளைகளும் வண்டிப் பட்டறைகளும் இருந்தன. சூளைப் புகையில் வயல்கள் கருகினவாம். சிஞ்ஞோராவின் அண்ணன் தோத்தோ பதினான்கு வயதில் கூடை சுமக்கச் சுரங்கத்தில் இறங்கினான். மண் சரிந்தது. உடலைக்கூட எடுக்கவில்லை. இதெல்லாம் காரில் அவர் சொன்னது.

சுரங்க முதலாளியின் மாளிகைதான் இப்போது அருங்காட்சியகம். நுழைவு எட்டு யூரோ. வழிகாட்டி வெள்ளித் தட்டுகளையும் பியானோவையும் காட்டிக்கொண்டே போனார். "கந்தகத்தால் ஊரே செழித்தது" என்றார். குழிக்குள் இறங்கியவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை! சிஞ்ஞோரா கேட்டதற்கு, "அது சோகக் கதை, சுற்றுலா வருபவர்களுக்குப் பிடிக்காது" என்று சிரித்தார். சுரங்க வாயிலைக் காட்டச் சொன்னோம். பூட்டியிருக்கிறது, அனுமதி இல்லை என்றார்.

சிஞ்ஞோரா தடுப்புக் கயிற்றை விலக்கி, முதலாளியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அடுத்த சுற்றுக்குக் காத்திருந்த இருபது பேரிடம் தோத்தோவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சிஞ்ஞோராவை எழுப்பச் சொல்லி வழிகாட்டி ரீற்றா அக்காவிடம் சீறினார்.

அக்கா அவருக்கு இத்தாலியனில் பதில் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கதைச்சு முடியாமல் அவ எழும்பமாட்டா எண்டு சொல்லிப்போட்டன். நானும் எழுப்பமாட்டன்."

கேட்டவர்கள் கலையவில்லை. "அந்த வாயில் எங்கே?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் வழிகாட்டி சாவியை எடுத்தார்.

புல் மண்டிய மேடு. குழியின் மேல் இரும்புக் கம்பிவலை. எங்கும் ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. சிஞ்ஞோரா வலையைப் பிடித்துக் குனிந்து, வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல "தோத்தோ!" என்று கூப்பிட்டார். அக்கா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நாங்கள் கிளம்பும்போது, புதிதாக வந்தவர்களிடம் வழிகாட்டி மறுபடி வெள்ளித் தட்டுகளிலிருந்து ஆரம்பித்தார்.

ஊரைக் கண்டுபிடித்துப் போகிறவர்கள் காரில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்து இல்லை. தண்ணீரும் தொப்பியும் அவசியம். டிக்கெட் எடுக்கும் முன்பே சுரங்க வாயிலைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால், நகராமல் அங்கேயே நின்று, அடுத்து வருகிறவரையும் கேட்கச் சொல்லுங்கள்.