எதை வேண்டாமென்றாள்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். இடுப்பு இன்னும் சரியாகவில்லை. இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

பெங்களூர் ரோட்டில், தொப்பூர் தாண்டி, புதிதாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே ஒரு ரோலர் கோஸ்டர். வண்டி தண்டவாளத்தில் ஓடும். அதிலுள்ள சீட்டுகள் அவை பாட்டுக்குத் தனியாகச் சுழலும். முன்னால் பார்த்து உட்காருகிறீர்கள்... பாதி வழியில் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வாசலில் பெரிய போர்டு: ‘எல்லா சாதனைகளையும் முறியடித்தது!’ யாருடைய சாதனையை? என்றைக்கு? தேதி போடாத சாதனையை நான் நம்புவதில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் கேட்டேன். “பின்னாடி க்யூ நிக்குது சார்” என்றார்கள்.

இந்த வயதில் அங்கே எனக்கென்ன வேலை? பெண் பார்க்கும் வேலை.

அக்கா மகள் நித்யா, ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டில் தங்கி ஸ்கேன் சென்டருக்கு வேலைக்குப் போகிறாள். வயது இருபத்தேழு. காபித் தட்டோடு இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சரி, ஏதாவது காபி ஷாப்பில் பார்க்கலாமா என்றேன்.

“காபி ஷாப்புல எல்லாரும் நல்லவங்களாத்தான் இருப்பாங்க மாமா. அந்தச் சுத்தற சீட்டுல உக்கார வெச்சுப் பாக்கலாம்.”

மாப்பிள்ளை பிரபு. முப்பத்தைந்து வயது. குமாரபாளையத்தில் சொந்தமாகத் தறிப்பட்டறை. குடி கிடையாது, கோபம் கிடையாது. என்ன குறை? தறிதான். பெண் வீட்டார் “பையன் என்ன பண்றாப்ல?” என்று கேட்பார்கள். பதில் சொன்னதும் அந்தப் பக்கம் போன் அமைதியாகிவிடும். இப்படியே வருஷங்கள் போய்விட்டன. மருமகள் கிடைப்பாள் என்றால் அவன் அம்மா ராக்கெட்டில் வரச் சொன்னாலும் வந்திருப்பார்.

நித்யாவின் அப்பா லாரியோடு நாக்பூர் பக்கம் இருக்கிறார். ஆகவே பெண் வீட்டு ஆண்பிள்ளை நான். சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்த அக்கா, ரைடுக்கு முன்னால் என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

“நீயும் ஏறுடா தம்பி. புள்ளையத் தனியா அனுப்பறதா?”

“வண்டி நிறைய ஆள் இருக்குதே அக்கா...”

“அவங்கெல்லாம் நம்ம சொந்தமா?”

ஏறினேன். பிரபுவும் நித்யாவும் ஒரு ஜோடி சீட்டில். பின்னால் நான், பக்கத்தில் காலி. மார்புக்குக் குறுக்கே இரும்புக் கம்பி இறங்கியது. வண்டி மேலே மேலே போய் உச்சியில் ஒரு நொடி நின்றது. அப்புறம் பூமி எங்கே, வானம் எங்கே... எனக்குத் தெரியாது. கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் நிச்சயம். நடுவில் நித்யா தொண்டை கிழியக் கத்தினாள்: “வேண்டாம்!”

கீழே நின்றிருந்த அம்மாக்கள் இருவருக்கும் அது கேட்டுவிட்டது. அதுதான் வினை. நான் தள்ளாடி இறங்கி வருவதற்குள் ஜூஸ் கடை நிழலில் பஞ்சாயத்து தொடங்கியிருந்தது.

“எம் பையன் மூஞ்சியப் பாத்துத்தான் கத்துனாங்க. நாங் கேட்டேன்” என்றார் பிரபுவின் அம்மா. குரலில் கோபமில்லை. சலிப்பு. “இதுக்கு ஊட்லயே சொல்லியிருக்கலாமுங்களே. இத்தன தூரம் எதுக்கு வர வெச்சீங்க?”

“ஐயோ, ராட்டினத்துக்குப் பயந்துக்கிட்டுக் கத்துனாளுங்க!” என்றாள் அக்கா. “உங்க பையனச் சொல்லியிருந்தா ‘வேண்டாமுங்க’ன்னில்ல சொல்லியிருப்பா? மொதல்முறை பாக்கறவங்ககிட்ட ‘ங்க’ போடாமப் பேசறாப்லயா நாங்க புள்ளைய வளத்திருக்கறம்?”

பிரபுவின் அம்மா யோசித்தார். எங்கள் ஊரில் இது சாதாரண வாதமில்லை. உயிர் போகிற நேரத்திலும் இங்கே மூன்றாம் மனிதரிடம் ‘ங்க’ விட்டுப்போகாது.

“ஏனுங்க அண்ணா, நீங்க பின்னாலதான இருந்தீங்க? ‘ங்க’ இருந்துச்சுங்களா?”

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். எந்த வீட்டில் எந்தக் கல்யாணம் எந்தக் கிழமை நடந்தது என்று கேட்டால் சொல்கிறவன் நான். ஆனால் அந்த நேரத்தில் என் சீட் திரும்பி, நான் தர்மபுரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தவிர, நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

“எனக்குச் சரியாக் கேக்கலீங்க” என்றேன்.

“படிச்ச மனுசன்னு உன்ன ஏத்திவிட்டேன் பாரு” என்றாள் அக்கா.

வாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எனக்கு அலுத்துப்போயிற்று. முப்பது வருஷமாக எத்தனை பெண் பார்க்கும் படலங்களுக்குப் போயிருப்பேன்? எல்லாவற்றிலும் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள்... பெண் கூப்பிடு தூரத்தில்தான் இருப்பாள். அன்றைக்கும் இருந்தாள். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பிரபு பக்கத்தில் கர்ச்சீப்போடு நின்றிருந்தான். நேராகப் போய்க் கேட்டேன்.

“நித்யா, எதை வேண்டாம்னு சொன்னே?”

“ரைடத்தான் மாமா. கொடல் வாய்க்கு வந்துருச்சு.”

பின்னாலேயே வந்துவிட்ட பிரபுவின் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. “அப்பறமென்ன சாமி! எம் பையனப் புடிச்சிருக்குதுன்னு சொல்லு. நாளைக்கே தட்டு மாத்திக்கலாம்.”

நித்யா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். “இவரப் பத்தி நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்க. யோசிக்கோணுமுங்க.”

அந்த அம்மாவின் முகம் வாடியது. “இதுல யோசிக்க என்ன இருக்...”

“அம்மா, சும்மா இரு” என்றான் பிரபு. அன்று அவன் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்:

“இதுவரைக்கும் பாத்தவங்கள்ல யாரும் யோசிக்கறேன்னு சொன்னதில்லீங்க. தறின்னதும் அப்பவே பேச்ச முடிச்சுக்குவாங்க. இவங்க யோசிக்கட்டும். எத்தன நாள் ஆனாலும் செரிங்க.”

வேனில் திரும்பினோம். தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் வரிசைகட்டி ஊர்ந்துகொண்டிருந்தன. நித்யா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் ஆகிறது. குமாரபாளையத்திலிருந்து போன் இல்லை. பையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். அக்காதான் காலையும் மாலையும் கூப்பிடுகிறாள். “என்னடா சொல்றா?” யோசிக்கிறாள் என்கிறேன். “இன்னுமா?” என்கிறாள்.

ஒரு பெண்ணை யோசிக்க விட்டதற்கே எங்கள் எல்லாருக்கும் மூச்சு வாங்குகிறது.